பிஷப் இல்லாத சபை, சபை ஆகாதா?

கேள்வி: கொடைக்கானல் மலையில் பண்ணைக்காடு பக்கம் இருபத்திரண்டு குடும்பங்கள் கூடும் சின்னச் சபை எங்களுடையது. எந்தப் பேராயத்திலும் (பிஷப்பின் ஆளுகையில் உள்ள சபைத் தொகுதி) சேராத, தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் காங்கிரிகேஷனல் சபை. நான் அதன் செயலர். ஜனவரியில் என் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). "நீங்கள் யாருக்குக் கீழே? உங்களுக்கு விசுவாச அறிக்கை உண்டா?" என்று கேட்கிறார்கள். எழுதிவைத்தது எங்களிடம் எதுவும் இல்லை. 18,000 ரூபாய் கொடுத்தால் விசுவாச அறிக்கை, ஒரு பேரவையின் இணைப்புச் சான்றிதழ், எங்கள் போதகருக்குக் கல்யாணம் நடத்தும் உரிமை எல்லாவற்றையும் வாங்கித் தருவதாக ஓர் ஆலோசகர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், சகோதரி. ஏற்கெனவே முன்பணம் கொடுத்துவிட்டீர்களோ என்றுதான் பயமாக இருக்கிறது.

"யாருக்குக் கீழே?" என்று கேட்டால் "கிறிஸ்துவுக்குக் கீழே" என்று சொல்லுங்கள். கேட்கத் துடுக்காக இருக்கும். ஆனால் உங்கள் மரபின் அடிப்படையே அதுதான். ஊர்ச் சபைக்குத் தலை கிறிஸ்து. அவருக்கும் சபைக்கும் நடுவில் இன்னொரு நாற்காலி கிடையாது. போதகரை அழைப்பது, மூப்பரைத் தெரிவது, காணிக்கைக் கணக்கைப் பார்ப்பது எல்லாம் சபையார் கூடி ஜெபித்து முடிவு செய்வது. இரண்டு மூன்று பேர் என் நாமத்தில் கூடும் இடத்தில் நான் இருக்கிறேன் என்ற இயேசுவின் வார்த்தையை (மத்தேயு 18:20) இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள்.

சம்பந்தி வீட்டாருக்கு ஒரு பழைய கதையையும் சொல்லலாம். 1845-இல் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டியவர்கள் அமெரிக்கன் மதுரை மிஷன்காரர்கள். அவர்களில் பெரும்பாலோர் காங்கிரிகேஷனல் சபையார். 1908-இல் அந்த மரபுச் சபைகளும், மூப்பர் மன்றங்கள் ஆளும் பிரஸ்பிட்டேரியன் சபைகளும் சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபை ஆயின. அதுதான் 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளோடு இணைந்து சி.எஸ்.ஐ. ஆனது. பிஷப் தலையில் கை வைத்து அபிஷேகம் பண்ணாத போதகர்களை அன்று மறுபடி அபிஷேகம் பண்ணவில்லை; இருந்தபடியே ஏற்றுக்கொண்டார்கள். ஆக, அவர்கள் சபையின் பாட்டிமாரில் ஒருத்திக்கே பிஷப் கிடையாது.

விசுவாசத்தில் உங்களுக்கும் அவர்களுக்கும் பெரிய பள்ளம் இல்லை. ஒரே தேவன், பிதா, குமாரன், பரிசுத்த ஆவி. இயேசு முழுத் தெய்வம், முழு மனிதர். நம் பாவத்துக்காகச் சிலுவையில் மரித்தார், மூன்றாம் நாள் உயிர்த்தார், மறுபடி வருவார். நற்செயலால் சம்பாதிப்பது அல்ல இரட்சிப்பு. கிருபையினால் விசுவாசத்தின் வழியே கிடைப்பது. விசுவாசம், நடத்தை இரண்டுக்கும் கடைசி நீதிபதி வேதம். சடங்குகள் இரண்டே: ஞானஸ்நானம், திருவிருந்து. 1658-இல் இங்கிலாந்துக் காங்கிரிகேஷனல் சபையார் லண்டன் சவோய் அரண்மனையில் கூடி எழுதிய அறிக்கையைப் பாருங்கள். பெரும்பகுதி பிரஸ்பிட்டேரியன்களின் வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையேதான். முக்கியமாக மாற்றியது சபையை யார் ஆளுவது என்ற பகுதியை. அன்றைக்கே சண்டை ஆட்சியைப் பற்றித்தான்.

அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தை உங்கள் சபையில் சொல்வதுண்டா? "பொதுவான திருச்சபை" (ஆங்கிலத்தில் "கத்தோலிக்") என்று வருவதால் அது ரோமன் கத்தோலிக்கருடையது என்று சில தனிச்சபைகள் ஒதுக்கி வைத்திருக்கின்றன. எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் உள்ள விசுவாசிகள் அனைவரும் என்பதே அதற்கு அர்த்தம். தாராளமாகச் சொல்லுங்கள்.

கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியது ஞானஸ்நானம். காங்கிரிகேஷனல் மிஷன்கள் விசுவாசிகளின் குழந்தைகளுக்கும் ஞானஸ்நானம் கொடுத்தன. இன்றைக்கு அதே பெயரில் இருக்கும் சின்னச் சபைகள் பலவற்றில் வயது வந்து, விசுவாசத்தை வாயால் அறிக்கையிட்ட பிறகு முழுக்கு. உங்கள் இருபத்திரண்டு குடும்பங்களில் இரண்டு விதமும் கலந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அப்படியானால் "முழுக்கு மட்டுமே செல்லும்" என்று எழுதிவிடாதீர்கள். எழுதிய மறுநாளே குழந்தையில் தண்ணீர் தெளிக்கப்பட்ட பாட்டிகள் திருவிருந்து மேசைக்கு வெளியே நிற்பார்கள். "பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் தண்ணீரால் கொடுத்த ஞானஸ்நானத்தை மறுபடி கொடுப்பதில்லை, குழந்தையில் பெற்றவர் வயது வந்தபின் சபைமுன் தன் விசுவாசத்தை அறிக்கையிடுவார்" என்று எழுதினால் போதும். உங்கள் மகள் முழுக்குப் பெற்றவரானாலும் சம்பந்தி வீட்டாருக்கு அதில் சிக்கல் இல்லை, சி.எஸ்.ஐ. முழுக்கையும் ஏற்கிறது. கொடைக்கானல் ஜனவரிக் குளிரில், ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்ற எழுபது வயதுக்காரரை ஓடையில் இறக்கி இரண்டாம் தடவை முழுக்கியதை நானே பார்த்திருக்கிறேன். ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தார் மனிதர். எந்த அப்போஸ்தலர் அதைக் கேட்டார்?

இனி உங்கள் ஆலோசகர். இந்த ஆட்கள் விற்கும் அறிக்கைகளில் நாலைந்து என் கைக்கு வந்திருக்கின்றன. ஒன்றில் தேவன், வேதம், இரட்சிப்பு எல்லாம் சரியாக இருந்தது. ஏழாம் பத்தியில் அமெரிக்க வருமானவரிச் சட்டத்தின் பிரிவு எண்! எங்கிருந்தோ எடுத்து அப்படியே மொழிபெயர்த்திருக்கிறார்கள். அது சிரித்துவிட்டுப் போகும் விஷயம். சிரிக்க முடியாதது கடைசிப் பக்கத்தில் இருக்கும்: "சபை கலைந்தால் சொத்துக்கள் பேரவையைச் சேரும்", "பேரவைத் தலைவரின் தீர்ப்பே இறுதியானது." பாவமன்னிப்பைப் பற்றிய பத்திக்கும் நிலப்பட்டாவுக்கும் ஒரே கையெழுத்து! மலையில் ஐந்து சென்ட் என்ன விலை போகிறது என்று உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

பட்டா இப்போது யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். போதகர் பெயரில் இருந்தால், அவர் எவ்வளவு நல்லவரானாலும், அவருக்குப் பின் பிள்ளைகள் பங்கு கேட்பார்கள். ஏழு பேர் சேர்ந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி சங்கம் பதிந்து அதன் பெயருக்கு மாற்றலாம். அலுவலகத்துக்கு நாலு நடை நடக்க வேண்டிவரும். ஒவ்வொரு நடையிலும் ஒரு புதுத் தாள் கேட்பார்கள். ஏன் முதல் நாளே மொத்தமாகச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்காத மர்மம். ஆனாலும் நீங்களே நடங்கள். "வெளிநாட்டுக் காணிக்கை வரும்" என்று ஆசை காட்டினால் கதவைச் சாத்துங்கள். அதற்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும். பணம் முதலில் டெல்லியில் உள்ள ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும்.

கல்யாண உரிமையை எந்தப் பேரவையும் விற்க முடியாது. 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி உங்களைப் போன்ற தனிச்சபைப் போதகருக்கு அரசு தரும் உரிமம் வேண்டும். அது இல்லாமல் நடத்திவைத்தால் 68-ஆம் பிரிவில் பத்தாண்டு வரை சிறை. அந்தச் சான்றிதழை நம்பிப் போதகரை மேடையேற்றிவிடாதீர்கள், பாவம். உரிமம் கேட்டு எழுதினாலும் ஜனவரிக்குள் வரும் என்று நான் நம்பவில்லை. மாப்பிள்ளை வீட்டாரின் சி.எஸ்.ஐ. போதகரே நடத்தட்டும். உங்கள் போதகர் ஜெபித்துச் செய்தி கொடுக்கட்டும். தொண்ணூறு நாளுக்குள் கல்யாணத்தைப் பதிவு செய்துவிடுங்கள்.

விசுவாச அறிக்கையை அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நீங்களே எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். சத்தமாக வாசியுங்கள்; படிக்காத பெரியவருக்குப் புரியாத வரியை அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதுங்கள். குடும்பத்துக்கு ஒரு கையெழுத்து, இருபத்திரண்டும் வேண்டும். ஒரு நகலைச் சம்பந்தி வீட்டுக்கு அனுப்புங்கள்.

முன்பணம் கொடுத்திருந்தால், ரசீது கேளுங்கள். தர மாட்டார்.