கல்லீரலில் கட்டி என்று அல்ட்ராசவுண்ட் சொன்ன பிறகு, மருந்து ஏற்றி எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வது எதற்காக?

கல்லீரல் எம்.ஆர்.ஐ. படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவது என் அன்றாட வேலை. இதே கேள்வியை ஸ்கேன் அறை வாசலில் பலர் கேட்டிருக்கிறார்கள்.

அல்ட்ராசவுண்டில் கட்டி இருப்பது தெரியும். அது எத்தகைய கட்டி என்பது பெரும்பாலும் உறுதியாகத் தெரியாது. அதை அறிய, கட்டிக்கு ரத்தம் எவ்வழியாக வருகிறது என்று பார்க்க வேண்டும். கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாகவும், மீதி தமனி வழியாகவும் வருகிறது. கல்லீரல் செல்களிலேயே தோன்றும் புற்றுநோயோ பெரும்பாலும் தமனியை நம்பியே வளர்கிறது. ஆகவே கை நரம்பில் ஏற்றிய, படத்தில் வெளுத்துத் தெரியும் கடோலினியம் மருந்து தமனியை நிறைத்து, சிரை வழியாகக் கல்லீரலில் இன்னும் முழுதாகப் பரவாத அந்தச் சில விநாடிகளில் படம் எடுத்தால், சுற்றிலும் கல்லீரல் மங்கலாக இருக்கக் கட்டி மட்டும் வெளுத்துத் தெரியும். ஒரு நிமிடம் கடந்ததும் கல்லீரல் வெளுக்க, கட்டி அதைவிடக் கறுத்துவிடும். இதை ‘வாஷ் அவுட்’ என்கிறோம். சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய்) உள்ளவரிடம் 20 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட கட்டியில் இவ்விரண்டும் தெளிவாகத் தெரிந்தால், ஊசி குத்திச் சதை எடுக்காமலேயே புற்றுநோய் என்று முடிவு செய்ய, கல்லீரல் ஸ்கேன் படங்களை வகைப்படுத்தும் லை-ராட்ஸ் வழிகாட்டுதல் இடம் தருகிறது. படத்தை மட்டும் வைத்து இவ்வாறு உறுதி செய்யக்கூடிய புற்றுநோய்கள் மிகக் குறைவு.

கட்டி என்றதும் புற்றுநோய் என்று அஞ்ச வேண்டியதில்லை. ரத்தக் குழாய்களால் ஆன ஹெமாஞ்சியோமா என்ற தீங்கற்ற கட்டியில், மருந்து முதலில் ஓரங்களில் திட்டுத் திட்டாகத் தங்கி, நிமிடங்கள் செல்லச் செல்ல உள்நோக்கி நிரம்பும். வேறு உறுப்பிலிருந்து பரவிய கட்டியோ பல வேளைகளில் விளிம்பில் மட்டும் வளையம்போல் வெளுக்கும். இத்தகைய பரவலைத் தேடும்போது கடாக்ஸெடேட் என்ற கடோலினியம் மருந்து பெரிதும் உதவுகிறது. அதில் ஏறத்தாழ பாதியைக் கல்லீரல் செல்களே உறிஞ்சிக்கொள்வதால், 20 நிமிடம் கழித்து எடுக்கும் படத்தில் கல்லீரல் முழுதும் வெளுத்திருக்க, அந்தச் செல்கள் இல்லாத இடம், சில மி.மீ. அளவே இருந்தாலும், கரும்புள்ளியாகத் தெரியும்.

இவ்வளவு நுட்பமும் நோயாளியின் மூச்சில்தான் தொங்குகிறது. ஒரு முறை ஒரு முதியவர், தமனிப் படம் ஓடிக்கொண்டிருந்தபோது பாதியில் மூச்சு விட்டுவிட்டார். கல்லீரலின் விளிம்பு மூன்று நான்கு கோடுகளாக அசைந்து பதிந்து, கட்டி இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கலங்கல் மட்டுமே இருந்தது. மற்ற படங்களைத் திரும்ப எடுக்கலாம். தமனிக் கட்டத்தை மறுபடி மருந்து ஏற்றாமல் எடுக்க முடியாது. அவரை இன்னொரு நாள் வரச் சொல்லி, மேசையில் படுக்கும் முன்பே ‘மூச்சை வெளியே விட்டு அடக்குங்கள்’ என்று நான்கைந்து முறை பழக்கிய பிறகே எடுத்தோம். கடாக்ஸெடேட் ஏற்றியதும் சிலருக்குச் சில விநாடிகள் மூச்சு தடுமாறுவதுண்டு என்பதால், அந்த மருந்தில் இந்தப் பயிற்சி இன்னும் முக்கியம்.

சிறுநீரகம் கடுமையாகப் பழுதடைந்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடோலினியம் மருந்துகளில் சில, அத்தகையவர்களுக்குத் தோலும் உள்ளுறுப்புகளும் இறுகும் அரிய நோயை உண்டாக்கியிருப்பதால், மருந்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை.

சிகிச்சைக்குப் பின் எடுக்கும் எம்.ஆர்.ஐ.யைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டிக்கு ரத்தம் செல்லும் தமனியை அடைத்த பிறகும் கட்டியின் அளவு அப்படியே இருப்பதைக் கண்டு பலர் கலங்குகிறார்கள். இறந்த கட்டி உடனே சுருங்கிவிடாது. ஆனால் மருந்தை வாங்காது. ஆகவே அறிக்கையில் எத்தனை செ.மீ. என்பதை மட்டும் பார்க்காமல், தமனிக் கட்டத்தில் வெளுக்கும் பகுதி எவ்வளவு மீந்திருக்கிறது என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். பழைய ஸ்கேன் குறுந்தகட்டையும் தவறாமல் கொண்டு செல்லுங்கள்.