பழைய த்ரீ நாட் த்ரீயில் (.303 லீ என்ஃபீல்டு ரைஃபிளில்) பேரலை, அதாவது குழலை, மட்டும் மாற்றினால் 7.62 ரவுண்டு (தோட்டா) சுட முடியுமா? இஷாப்பூர் 2ஏ1 அப்படி மாற்றப்பட்டதுதானா?

பேரலை மட்டும் மாற்றினால் போதாது. இஷாப்பூர் தொழிற்சாலையின் 7.62 ரைஃபிளான 2ஏ1 அப்படி மாற்றப்பட்ட துப்பாக்கியும் இல்லை.

நானும் கொஞ்ச காலம் நீங்கள் கேட்டதைப் போலத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். 1981-ல் பட்டாளத்தில் சேர்ந்தவன் நான், ஈ.எம்.ஈ.யில் (ராணுவத்தின் பழுதுபார்ப்புப் பிரிவு) ஆர்மரர், அதாவது துப்பாக்கி மெக்கானிக். அப்போது எங்கள் கையில் எஸ்.எல்.ஆர்.தான் (அடுத்த ரவுண்டைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள்). சில வருடம் கழித்து ஒரு டெப்போவுக்குப் போஸ்டிங் ஆனது. அங்கே கோத்தில் (ஆயுத அறையை அப்படித்தான் சொல்வோம்) ஒரு ரேக் முழுக்க த்ரீ நாட் த்ரீ மாதிரியே நின்றன. அதே சப்பை மூக்கு, அதே பின்கட்டை, அதே போல்ட் (குழலைப் பின்னாலிருந்து அடைத்துப் பூட்டும் உருளை) கைப்பிடி. ரவுண்டு அடுக்கும் மேகஸின் மட்டும் சாய்வாக இல்லாமல் தகர டப்பா மாதிரி சதுரமாகத் துருத்திக்கொண்டிருந்தது. "பழசுக்குப் புதுப் பேரல் போட்டிருக்காங்க, அவ்வளவுதானே உஸ்தாத்?" என்று கேட்டேன். உஸ்தாத் (எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர்) கண்ணூர்க்காரர், பேச்சே கம்மி. ஒரு .303 டம்மி ரவுண்டையும் ஒரு 7.62 டம்மி ரவுண்டையும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். "நான் டீ குடிச்சிட்டு வர்ற வரைக்கும் இதைப் பார்த்துக்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று நான் பார்த்ததைச் சொல்கிறேன், உங்கள் கேள்விக்குப் பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

.303 ரவுண்டு சுமார் 78 மி.மீ. உயரம். அடியில் உடம்பைவிட அகலமான ஒரு விளிம்பு உண்டு, ரிம் என்போம், குறுக்களவு 13.7 மி.மீ. 7.62 நேட்டோ ரவுண்டு 71 மி.மீ.தான். அதற்கு வெளியே நீட்டிய ரிம் கிடையாது. அடிப்பாகம் 12 மி.மீ., உடம்போடு சமமாக இருக்கும், மேலே ஒரு பள்ளம் மட்டும் வெட்டியிருக்கும். குண்டின் தடிமனும் வேறு: .303-க்கு 7.9 மி.மீ., மற்றதற்கு 7.8. அதனால் பேரல் மாறியே ஆக வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் வேலையில் சுலபமான பகுதி அதுதான்.

பெரிய விஷயம் அந்த ரிம். டீக்கடையில் கம்பி ஸ்டாண்டு பார்த்திருப்பீர்கள், வளையத்தில் கிளாஸை இறக்கினால் மேல் விளிம்பு தட்டி அங்கேயே தொங்கி நிற்கும். .303 ரவுண்டு சேம்பரில் (பேரலின் பின்முனையில் ரவுண்டு உட்காரும் குழி) நிற்பது அப்படி. ரிம் தட்டினால் போதும், உள்ளே மற்ற இடம் கொஞ்சம் தாராளமாக இருந்தாலும் குடி முழுகாது. முதல் உலகப் போரின் சேற்றுக் குழிகளில் அந்தத் தாராளம்தான் காப்பாற்றியது என்பார்கள். 7.62-க்குத் தொங்க விளிம்பு இல்லை. பாட்டிலைப் புனலில் கவிழ்த்தால் தோள் இடித்து நிற்குமே, அப்படி நிற்கும். ஆகவே தோள் இடிக்கும் இடத்துக்கும் போல்டின் முகத்துக்கும் நடுவே உள்ள தூரம் மயிரிழை சுத்தமாக இருக்க வேண்டும். ஹெட்ஸ்பேஸ் என்று ஆர்மரர் வாயில் நாளைக்குப் பத்துத் தடவை வரும் வார்த்தை இதுதான். அதைச் சோதிக்க அளவுக்கட்டைகள் உண்டு: கோ கேஜ் போட்டால் போல்ட் மூட வேண்டும், நோ-கோ கேஜ் போட்டால் மூடக் கூடாது. அந்தத் தூரம் கூடிப்போனால் சுடும்போது பித்தளைக் கேஸ் (ரவுண்டின் உறை) நீண்டு, இடுப்பில் அறுந்து, வெடிமருந்தின் சூடான வாயு பின்னால் உங்கள் முகத்துக்கு வரும்.

அடுத்தது எக்ஸ்ட்ராக்டர், சுட்ட கேஸைச் சேம்பரிலிருந்து இழுக்கும் கொக்கி. ரிம்மைப் பிடித்து இழுக்கச் செய்த கொக்கி, 12 மி.மீ. அடிப்பாகத்தின் பள்ளத்தை எட்ட வேண்டுமானால் வேறு வடிவத்தில் இருக்க வேண்டும். கோக்காவை, அதாவது காலிக் கேஸை, வெளியே தட்டிவிடுவதும் தனி வேலை. அப்புறம் மேகஸின். .303-ன் மேகஸின் சாய்வாக இருப்பது அழகுக்காக இல்லை, ரிம் ஒன்றன் மேல் ஒன்று ஏறி உட்கார வேண்டும் என்பதற்காக. ரிம் இல்லாத ரவுண்டை அதில் அடுக்கினால் மூக்கு எங்கெங்கோ பார்க்கும்.

இதையெல்லாம் சரிசெய்தாலும் ஒன்று மிச்சம்: அழுத்தம். ஐரோப்பியத் தரக் கணக்கில் .303-ன் உச்ச அழுத்தம் 3,650 பார், 7.62 நேட்டோவுக்கு 4,150 பார். லீ என்ஃபீல்டின் போல்ட் பூட்டு பின்பக்கம் இருக்கிறது, ஜெர்மன் வடிவமான மௌசர் ரைஃபிளில் முன்பக்கம், சேம்பரை ஒட்டியே. பின்னால் பூட்டினால் அந்த நீளமான போல்ட் முழுவதும் ஒவ்வொரு சுடுதலிலும் துளி அமுங்கி மீளும். வேகமாகச் சுடுவதற்கு அந்த அமைப்பு அருமையானது, அதில் மாற்றுக்கருத்து எனக்கு இல்லை. ஆனால் 1907-ல் வந்த வடிவத்தில், பழைய உருக்கில் செய்த உடம்பில் கூடுதல் அழுத்தத்தைத் தினமும் ஏற்றுவது சரியில்லை.

உஸ்தாத் திரும்பி வந்ததும் கேட்ட ஒரே கேள்வி, "இப்ப சொல்லு, பழசுல எதை வெச்சுக்குவ?" கட்டையையும் பட்டா வளையத்தையும் வைத்துக்கொள்ளலாம் என்றேன். சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது மொத்தம் இரண்டு தடவை.

இஷாப்பூர்க்காரர்கள் வந்து சேர்ந்ததும் கிட்டத்தட்ட அதே முடிவுக்குத்தான். கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் இருக்கும் அந்தத் தொழிற்சாலை 1900-களின் தொடக்கத்திலிருந்து லீ என்ஃபீல்டு செய்துவந்தது. 1962-ல் சீனாவுடன் போர் வந்தபோது நம் ஆட்கள் மலையில் பிடித்து நின்றது இந்த போல்ட் ரைஃபிளைத்தான். அதன்பிறகு 7.62 நேட்டோவைச் சுடும் எஸ்.எல்.ஆரை அங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள். அதை எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுக்க முடியாது. ஒரே ராணுவத்தில் இரண்டு வகை ரவுண்டு ஓடுவது சப்ளைக்காரனுக்குத் தலைவலி. எனவே கைப்பழக்கமான த்ரீ நாட் த்ரீ வடிவத்திலேயே, 7.62-க்காக, மேலான உருக்கில் புதிதாக உடம்பு செய்து, புது பேரல், புது எக்ஸ்ட்ராக்டர், 12 ரவுண்டு பிடிக்கும் சதுர மேகஸின் எல்லாம் போட்டு இறக்கினார்கள். முதலில் வந்தது 2ஏ. அதில் பின் சைட் (குறிபார்க்கும் பட்டை) 2,000 மீட்டர் வரை குறித்திருந்தது. பிறகு யாரோ நிதானமாக யோசித்திருக்க வேண்டும், 2ஏ1-ல் அதை 800 ஆக்கினார்கள். ஆக 2ஏ1 என்பது பழைய முகமூடி போட்ட புது ஆள். பழைய ரைஃபிளை அறுத்துச் செய்தது என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள், தவறு.

பிரிட்டிஷ்காரர்கள் நிஜமாகவே மாற்றிப் பார்த்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது நம் பழைய வடிவத்தை அல்ல, அதற்கு அடுத்து வந்த, உடம்பு இன்னும் உறுதியான நம்பர் 4. அறுபதுகளில் எல்8 என்று ஒன்று செய்தார்கள். குறி சரியாக நிற்கவில்லை, படைக்கு எடுக்கவில்லை. பிறகு கனமான பேரலைப் போட்டு, அது கட்டையைத் தொடாமல் நிற்கும்படி விட்டார்கள், ஸ்னைப்பருக்கான எல்42ஏ1 வந்தது. 1982 ஃபாக்லாந்து போரில்கூட அது இருந்தது. அதன் மேகஸினின் பின் மூலையில் ஒரு சின்னப் பல் இருக்கும், கோக்காவைத் தட்டிவிடுவது அதுதான். மேகஸினைக் கழற்றிவிட்டுச் சுட்டால் காலிக் கேஸ் சரியாக வெளியே விழாது. இப்படி ஒரு வேலையை மேகஸின் தலையில் கட்டிய மூளைக்கு என் சல்யூட்.

சிக்கனம் பார்த்துச் சூடுபட்ட கதை அமெரிக்கக் கடற்படையுடையது. அவர்களுடைய கேரண்ட் ரைஃபிள் சுடுவது .30-06 என்ற ரவுண்டு, அதன் கேஸ் 63 மி.மீ. நீளம். நேட்டோவின் கேஸ் 51. பேரலை மாற்றாமல் சேம்பருக்குள் ஓர் உருக்குப் புஷ்ஷை (சின்னக் குழாய் வளையத்தை) செருகி இடைவெளியை அடைத்தார்கள். காகிதத்தில் பார்த்தால் பிரமாதமான யோசனை. ரேஞ்சில் சில துப்பாக்கிகளில் சுட்ட கேஸோடு சேர்ந்து புஷ்ஷும் கழன்று வந்தது. கடைசியில் 7.62-க்கான புதுப் பேரலே போட்டார்கள்.

ஒழுங்காக நடந்த மாற்றம் என்றால் நான் இஸ்ரேலைச் சொல்வேன். 1948 வாக்கில் அவர்கள் கைக்குக் கிடைத்தது செக் நாட்டிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் வந்த மௌசர்கள். சிலவற்றில் நாஜி முத்திரையும் ஹீப்ரு எழுத்தும் ஒரே உடம்பில் இருக்கும். ஐம்பதுகளின் கடைசியில் அவற்றை 7.62-க்கு மாற்றி, கட்டையில் பெரிதாக 7.62 என்று சுட்டுக் குறித்தார்கள். அது சுலபமாக அமைந்ததற்குக் காரணம் உண்டு. மௌசரின் பழைய ரவுண்டுக்கும் ரிம் கிடையாது, அடிப்பாகம் ஏறக்குறைய அதே அளவு, அழுத்தமும் பக்கத்தில், புது ரவுண்டு பழையதைவிடச் சின்னது. பெரிய வீட்டில் சின்னக் குடும்பம் குடியேறுவது மாதிரி. நார்வேக்காரர்கள் எதிர்த்திசையில் போனார்கள். ஜெர்மானியர் விட்டுப்போன மௌசர்களை நீளமான .30-06-க்கு மாற்றினார்கள், ரவுண்டு உள்ளே போக உடம்பின் வளையத்திலேயே பள்ளம் வெட்ட வேண்டியிருந்தது.

நம்மூரில் நிஜமான மாற்றம் என்று ஒன்று நடந்தது, ஆனால் அது பலப்படுத்த இல்லை. பழைய ஆயுதப்படைக் காவலர்களிடம் கேட்டால் "410 மஸ்கட்" என்பார்கள். ஆங்கிலேயர் காலத்திலேயே இஷாப்பூரில் த்ரீ நாட் த்ரீக்களின் பேரலைச் சுழல்வரி இல்லாத வழவழக் குழலாக்கி, மேகஸின் இடத்தில் மரக்கட்டையை அடைத்து, ஒவ்வொன்றாகப் போட்டுச் சுடும் துப்பாக்கியாக்கிக் காவலுக்குக் கொடுத்தார்கள். அதற்கான ரவுண்டு .303 கேஸேதான், கழுத்து குறுக்காமல் நேராக விட்டது. கூட்டத்தைக் கலைக்கப் போதும், ராணுவத்துக்கு எதிராகத் திரும்பினால் பெரிதாக உதவாது. யாரை நம்பிக் கொடுத்தார்கள், எவ்வளவு நம்பினார்கள் என்பது அந்த மரக்கட்டையில் தெரிகிறது.

கேள்வியின் கீழே ஒரு தம்பி, "தாத்தாவின் லைசென்ஸ் ரைஃபிளை லேத் பட்டறையில் கொடுத்து மாற்றலாமா?" என்று கேட்டிருக்கிறார். வேண்டாம் தம்பி. 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைச் செய்வது மட்டுமல்ல, மாற்றுவதற்கும் பழுது பார்ப்பதற்குமே உரிமம் வேண்டும். லைசென்ஸில் எழுதிய அளவு ஒன்று, கையில் இருப்பது வேறு என்றால் வழக்கு உங்கள் மேல்தான். உங்கள் தாத்தாவுடையது அநேகமாக .315-ஆக இருக்கும். ராணுவ ரவுண்டு பொதுமக்களுக்குக் கூடாது என்பதால்தான் அந்த அளவே இங்கே பரவலானது.

எங்காவது காவல்துறை அணிவகுப்பிலோ கண்காட்சியிலோ ஒன்றைப் பார்த்தால் இப்படி அடையாளம் காணுங்கள். மேகஸின் சாய்ந்திருந்தால் .303. சதுர டப்பாவாக இருந்தால் 2ஏ அல்லது 2ஏ1. அருகே போக விட்டார்களானால் பின் சைட்டைப் பாருங்கள், 800-ல் நின்றுவிட்டால் அது 2ஏ1.