தசமபாகம் கொடுத்தால் கடமை முடிந்ததா?

பத்தில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டால் ஒரு கிறிஸ்தவரின் கடமை முடிந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில், இல்லை.

தசமபாகம் என்னும் இந்தப் பத்தில் ஒரு பங்கு, மோசே மூலம் இஸ்ரவேலருக்குக் கொடுக்கப்பட்ட சட்டமான நியாயப்பிரமாணத்தில் இருக்கிறது. ஆலயப் பணி செய்த லேவியரும் ஏழைகளும் அதனால் பிழைத்தார்கள். ஆனால் எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்காக அப்போஸ்தலன் பவுல் காணிக்கை சேர்த்தபோது, கொரிந்து நகரச் சபையாருக்கு எந்தச் சதவீதமும் சொல்லவில்லை. மக்கெதோனியா சபைகளைத்தான் உதாரணம் காட்டினார். கொடிய வறுமையில் இருந்த அவர்கள், தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று கெஞ்சிக் கேட்டுக் கொடுத்தார்கள். அவர்கள் முதலில் தங்களையே கர்த்தருக்குக் கொடுத்தார்கள் என்கிறார் பவுல். எனக்கு மிகவும் பிடித்த வரி அது. பணம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

இதற்கெல்லாம் அவர் சொல்லும் முக்கியமான காரணம் இதுதான்: ஐசுவரியமுள்ள கிறிஸ்து நமக்காகத் தரித்திரரானார். அந்தக் கிருபையைப் பெற்றவருடைய கை தானாகவே திறக்கிறது. கொடுத்தால் இரட்டிப்பாகத் திரும்ப வரும் என்று கணக்குப் போடுவது வியாபாரம், விசுவாசம் அல்ல.

சரி, கடனில் இருப்பவர் என்ன செய்வது? பவுல் அந்தச் சபைக்கு எழுதிய கடிதத்தில், 2 கொரிந்தியர் 8:12-ஐப் படியுங்கள். மனவிருப்பம் இருந்தால், ஒருவரிடம் உள்ளதைப் பார்த்துத்தான் காணிக்கை ஏற்கப்படுகிறது, இல்லாததைப் பார்த்து அல்ல.