ஜெனரலும் பூட்டிய கதவும்

"அரசியல் கொலைச் சதியைத் துப்புத் துலக்கும் படங்களில் உங்கள் மனத்தை விட்டு நீங்காதது எது, ஏன்?" என்ற கேள்விக்கு என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது: கோஸ்டா கவ்ராஸ் இயக்கத்தில் 1969இல் வெளிவந்த 'இசட்'.

கிரேக்க நாடாளுமன்ற உறுப்பினரும் மருத்துவருமான கிரிகோரிஸ் லம்பிராக்கிஸ், 1963 மே 22 அன்று தெசலோனிகி நகரில் அமைதி இயக்கக் கூட்டமொன்றில் பேசிவிட்டு வெளியே வந்தபோது, முச்சக்கரச் சரக்கு வண்டியில் வந்தவர்களால் தலையில் தாக்கப்பட்டு, ஐந்து நாள்களில் உயிரிழந்தார். படத்தின் கதை இதுதான். நாட்டின் பெயரை அது சொல்வதில்லை. ஆனால் உண்மைச் சம்பவங்களுடன் காணப்படும் ஒற்றுமை தற்செயலானதல்ல, வேண்டுமென்றே வைக்கப்பட்டது என்று தொடக்கத்திலேயே எழுத்தில் அறிவித்துவிடுகிறது.

அடித்தவர் யார் என்பதில் மர்மமே கிடையாது. வண்டியிலிருந்து தடி இறங்குவதை நாமே பார்த்துவிடுகிறோம். நாம் கண்ணால் கண்டது வழக்குக் கோப்பில் ஏறுமா, ஏறாதா என்பதில்தான் பதற்றம் முழுவதும் இருக்கிறது. குடிபோதையில் நடந்த விபத்து என்று காவல்துறை சாதிக்க, ழான் லூயி ட்ரன்டிஞான் நடித்த இளம் விசாரணை நீதிபதி, நிறக் கண்ணாடியைக் கழற்றாமல், யார் பக்கமும் சாயாமல் கேள்விகளைக் கேட்டுக்கொண்டே போகிறார். ஒருவரோடொருவர் தொடர்பே இல்லை என்று சொல்லிக்கொள்பவர்கள் அனைவரும் 'புலியைப் போல' என்ற அதே உவமையைத் தங்கள் வாக்குமூலங்களில் சொல்லும்போது, இது யாரோ ஒப்பிக்கக் கொடுத்த பாடம் என்பது அவருக்குப் பிடிபட்டுவிடுகிறது.

நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது கடைசிப் பகுதியைத்தான். பதக்கங்கள் மின்ன, ஜெனரல் உட்பட உயரதிகாரிகள் ஒவ்வொருவராக அந்த நீதிபதியின் அறைக்குள் வருகிறார்கள். பெயரும் தொழிலும் கேட்கப்படுகின்றன. தட்டச்சுப் பொறி படபடக்கிறது. குற்றச்சாட்டைக் கேட்டு ஆத்திரத்தோடு எழுந்து போகிறவர்கள், ஒருவர் தவறாமல், பூட்டியிருக்கும் வேறொரு கதவின் பிடியைத் திருகிப் பார்க்கிறார்கள். முதல்முறை வாய்விட்டுச் சிரித்தேன்.

குறையும் உண்டு. ஐரீன் பப்பாஸ் போன்ற நடிகையைக் கையில் வைத்துக்கொண்டு, கொல்லப்பட்டவரின் மனைவி பாத்திரத்துக்கு அழுகையையும் மௌனத்தையும் தவிர எதையும் கொடுக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

1967 ஏப்ரலில் ராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்ததால் கிரேக்கத்தில் இதைப் படமாக்கவே முடியாது. அல்ஜீரியாவின் அல்ஜியர்ஸ் நகரத் தெருக்களே தெசலோனிகியாக மாறின, சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கரும் அல்ஜீரியாவின் பெயரில் போயிற்று. அந்த ராணுவ ஆட்சி தடைசெய்தவற்றின் பட்டியலோடு படம் முடிகிறது. பண்டைக் கிரேக்க நாடகாசிரியர் சோபாக்ளிஸையும் உள்ளடக்கி நீளும் அந்தப் பட்டியலில் 'இசட்' என்ற எழுத்தும் இருக்கிறது. 'அவர் வாழ்கிறார்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் முதலெழுத்து அது.

உண்மையில் வழக்கை விசாரித்த கிறிஸ்டோஸ் சார்ட்செட்டாகிஸை அதே ராணுவ ஆட்சி பதவிநீக்கம் செய்து சிறையிலும் அடைத்தது. 1985இல் அவர் கிரேக்கத்தின் குடியரசுத் தலைவரானார்.