'எலைட்' வாங்கும் முன் எந்தக் கணினிக்கானது என்று பாருங்கள்

கேள்வி: 1980களில் வந்த 'எலைட்' விண்வெளி விளையாட்டை அசல் டப்பாவோடு வாங்க ஆசை. இணைய ஏலத்தில் ஏக்கார்ன் எலக்ட்ரான் கேசட், கமடோர் 64 டிஸ்க், ஸ்பெக்ட்ரம் கேசட் என்று மூன்று கணினிகளுக்கான பிரதிகள் இருக்கின்றன. விலை ஏறத்தாழ ஒன்றுதான். ஸ்பெக்ட்ரம் டப்பாவில் மட்டும் 'லென்ஸ் இல்லை' என்று போட்டிருக்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: கமடோர் 64. லென்ஸ் இல்லாத ஸ்பெக்ட்ரம் பிரதியை, விளையாடுவதற்காக என்றால், தொடவே வேண்டாம்.

டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் 1984இல் பிபிசி மைக்ரோ கணினிக்காக எழுதிய விளையாட்டு இது. அந்தக் கணினியின் நினைவகம் வெறும் 32 கிலோபைட். அதற்குள் 8 விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 கோள்கள்! எதையும் சேமித்து வைக்கவில்லை. சில எண்களிலிருந்து கணக்குப் போட்டு, கோளின் பெயர், பொருளாதாரம் எல்லாவற்றையும் தேவைப்படும்போது உருவாக்கிக்கொள்கிறது. அதனால் எந்தக் கணினியில் ஆடினாலும் 'லேவ்' கோளில்தான் தொடங்குவீர்கள். இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்த இருவர் மேல் எனக்கு அளவில்லாத மரியாதை.

வித்தியாசம் திரையில்தான் தெரியும். பிபிசி மைக்ரோவில் திரையின் மேல்பகுதி கூர்மையான கறுப்பு வெள்ளைக் கோடுகள், கீழே கருவிப் பலகை வண்ணத்தில். படம் திரையில் வரையப்படும்போதே பாதி வழியில் கணினியை வேறு திரை முறைக்கு மாற்றிவிடுகிறார்கள். எலக்ட்ரான், பிபிசி மைக்ரோவைத் தயாரித்த அதே ஏக்கார்ன் நிறுவனத்தின் மலிவு விலைக் கணினி. அதில் இந்த வித்தை நடக்காது. முழுத் திரையும் கறுப்பு வெள்ளைதான். சூரியன்கள் இல்லை, தார்காய்டு எதிரிகளும் இல்லை. சேகரிப்புக்கு வைத்துக்கொள்ளலாம், முதல்முறை ஆடுகிறவருக்குச் சொல்ல மாட்டேன்.

கமடோர் 64க்கு 1985இல் வந்தது. அதன் செயலி பிபிசியைவிட மெதுவானது. நாலைந்து கப்பல்கள் சூழ்ந்துகொண்டால் திணறுவது தெரியும். ஆனால் நினைவகம் இரண்டு மடங்கு. அதனால் கப்பல் தானியங்கி முறையில் விண்வெளி நிலையத்தை அடையும்போது ஸ்ட்ராஸின் 'புளூ டான்யூப்' ஒலிக்கிறது. 'டிரம்பிள்' என்ற குட்டிப் பிராணிகள் கப்பலுக்குள் பெருகித் திரையையே மறைக்கின்றன. பழைய டிஸ்க் என்பதால் ஓடுகிறதா என்று விற்பவரிடம் வீடியோ கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

அப்புறம் அந்த லென்ஸ். நகல் எடுப்பதைத் தடுக்க, ஸ்பெக்ட்ரம் பிரதியோடு 'லென்ஸ்லாக்' என்ற பிளாஸ்டிக் துண்டு வரும். திரையில் சிதைந்து தெரியும் இரண்டு எழுத்துகளை அதன் வழியே படித்து அடித்தால்தான் விளையாட்டு திறக்கும். ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனி லென்ஸ், வேறொன்றின் லென்ஸ் பொருந்தாது. மிகப் பெரிய, மிகச் சிறிய டிவிகளில் அன்றைக்கே அது சரியாக வேலை செய்யவில்லை. தவறான லென்ஸ் உள்ள டப்பாக்களும் விற்பனைக்கு வந்து, காசு கொடுத்தவர்கள் ஆட முடியாமல் தவித்தார்கள். நேர்மையாக வாங்கியவரைத் தண்டிக்கிற பூட்டு அது. 'லென்ஸ் உண்டு' என்று போட்டிருந்தாலும் படம் கேட்டுப் பாருங்கள்.

டப்பாவுக்குள் கையேடும் குறுநாவலும் இருக்கின்றனவா என்றும் விசாரியுங்கள். அவை இல்லாத டப்பாவுக்கு முழு விலை கொடுக்காதீர்கள். வாங்கும் முன் ஆடிப் பார்க்கவும் வழி உண்டு: இயன் பெல் பல வடிவங்களைத் தன் இணையதளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார். பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் 'எமுலேட்டர்' மென்பொருள் இருந்தால் போதும்.

கேள்வி: நின்டெண்டோ என்இஎஸ் என்ற விளையாட்டுக் கருவிக்கான கேட்ரிட்ஜாகவும் எலைட் வந்ததாமே? என்னிடம் அமெரிக்காவில் வாங்கிய என்இஎஸ் இருக்கிறது.

பதில்: வந்தது, 1991இல். ஆனால் ஐரோப்பாவில் மட்டும், அங்குள்ள 'PAL' என்ற ஒளிபரப்பு முறை டிவிகளுக்காக. உங்கள் அமெரிக்க என்இஎஸ்ஸில் அதைச் செருகினால் ஓடாது, வாங்காதீர்கள்.