கேளுங்கள், சொல்கிறேன்: ஃபெர்மி இருக்க ரேடியோ எதற்கு?

கேள்வி: காமா கதிர் வீசும் கேலக்சிகளைப் பார்க்க ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கி இருக்கிறதே. அப்புறம் அவற்றையே ரேடியோவிலும் ஏன் பார்க்கிறார்கள்?
- ஒரு வாசகி, தேனி

ஃபெர்மிக்குக் கண் கொஞ்சம் மங்கல். 2008 ஜூனில் ஏவப்பட்ட அது, சுமார் மூன்று மணி நேரத்தில் வானம் முழுவதையும் பார்த்துவிடும். எந்த பிளேசார் (நடுவிலுள்ள கருந்துளையருகிலிருந்து ‘ஜெட்’ என்ற துகள் பீச்சை ஏறக்குறைய நம்மை நோக்கி வீசும் கேலக்சி) எப்போது பொங்கியது என்று சொல்ல அதைவிட்டால் ஆளில்லை. ஆனால் கேலக்சிக்குள் எந்த இடத்தில் என்று கேட்டால் கையை விரித்துவிடும். அது பிடிக்கும் பெரும்பாலான கதிர்களின் திசையை முழுநிலவின் அகலத்துக்குள்கூட அடக்க முடியாது.

அங்கேதான் ரேடியோ வருகிறது. ஹவாயிலிருந்து கரீபியனின் செயின்ட் குரோய் தீவுவரை, தலா 25 மீட்டர் அகலத்தில் பத்து டிஷ்கள். பெயர் வி.எல்.பி.ஏ. பத்தும் ஒரே நேரத்தில் பதிவு செய்ததைக் கோத்தால், 8,000 கிலோமீட்டர் அகல டிஷ்ஷின் கூர்மை கிடைக்கும். கருந்துளையருகே பீறிடும் ஜெட்டில் புதுக்குமிழ் கிளம்பி நகர்வது அதில் தெரியும். பாஸ்டன் பல்கலைக்கழகக் குழு, காமா பிளேசார்களை 7 மில்லிமீட்டர் அலைநீளத்தில் இப்படித்தான் மாதாமாதம் படமெடுத்து வந்தது.

எனக்குப் பிடித்தது என்னவோ கலிஃபோர்னியாவில் ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் ஒற்றை 40 மீட்டர் டிஷ்தான். படமெல்லாம் எடுக்காது, 1,500-க்கும் மேற்பட்ட பிளேசார்களின் பிரகாசத்தை வாரத்துக்கு ஏறக்குறைய இருமுறை அளக்கும். சலிப்பான வேலை, ஆனால் 2014-ல் சுவையான முடிவைத் தந்தது: நல்ல தரவு இருந்த 41 கேலக்சிகளில் மூன்றில் மட்டுமே காமாவுக்கும் ரேடியோவுக்கும் ஓரளவு உறுதியான தொடர்பு. அந்த மூன்றிலும் காமா முந்தி, ரேடியோ பிந்தி. ஜெட்டின் அடிப்பகுதி ரேடியோ அலைகளை விழுங்கிவிடும். குமிழ் வெளியே நகர்ந்த பிறகுதான் அவை நம்மை எட்டும். ஆகவே ‘காமா ஏறினால் ரேடியோவும் ஏறும்’ என்று யாராவது அடித்துச் சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள்.

கேள்வி: 3சி 279 என்ற கேலக்சியின் ஜெட் ஒளியை மிஞ்சுகிறதாமே?
- ஒரு கல்லூரி மாணவர், நாகர்கோவில்

மிஞ்சுவதுபோல் தெரிகிறது, அவ்வளவுதான். 1991 முதல் 1998 வரையான ரேடியோ படங்களில் ஒரு குமிழ் சுமார் 25 ஒளியாண்டு நகர்ந்திருந்தது. ஐன்ஸ்டைனுக்கு ஆபத்தில்லை. அந்த ஜெட் ஏறக்குறைய நம்மை நோக்கியே வருகிறது. குமிழ் தான் விட்ட ஒளியைத் துரத்திக்கொண்டே வருவதால், பிந்தி விட்ட ஒளிக்குக் கடக்க வேண்டிய தூரம் குறைவு. அதனால் நெடுங்கால ஓட்டம் ஏழே ஆண்டில் முடிந்ததுபோல் வந்து சேர்கிறது. ரேடியோக்காரர்கள் இந்தக் கூத்தை 1971-லேயே பார்த்துவிட்டார்கள். இதே கேலக்சி காமா கதிரும் வீசுகிறது என்று காம்ப்டன் செயற்கைக்கோள் கண்டது 1991-ல்தான்.