தக்காளி விலை எழுதிய நோட்டு

ஐயா, நேற்று நீங்கள் கிளம்பும்போது “கவலைப்படாதீர்கள், பார்த்துக்கொள்ளலாம்” என்றேன். வாய்க்கு வந்த ஆறுதல் அது. நிர்வாக ஒதுக்கீட்டில் கணினிப் பொறியியல் இடம் வாங்கத் தோட்டத்தை அடகு வைப்பதாகச் சொன்னீர்களே, அதற்குக் கவலைப்படத்தான் வேண்டும். வைக்காதீர்கள். மைத்துனர் மகன் பெங்களூரில் வாங்கும் சம்பளத்துக்கும் உங்கள் மகளுக்கும் என்ன சம்பந்தம்?

அவள் காட்டிய நோட்டை நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை. ஒட்டன்சத்திரத்தில் நீங்கள் கணக்கு எழுதும் மண்டியின் தக்காளிப் பெட்டி விலை, இரண்டு வருடமாகத் தேதி வாரியாக இருக்கிறது. பக்கத்தில் அடுத்த வாரத்துக்கு அவள் போட்ட மதிப்பு, பென்சிலில். தப்பிய இடங்களில் ‘மழை’, ‘வெளி லோடு வரவில்லை’ என்று காரணம்.

இந்த வேலைக்குத்தான் ரிசர்வ் வங்கி சம்பளம் கொடுக்கிறது. 2023 ஜூனில், ஜூலை–செப்டம்பர் பணவீக்கம், அதாவது விலைவாசி உயர்வு, 5.2 சதவீதம் இருக்கும் என்று கணித்தார்கள். தக்காளி எகிறியது, ஆகஸ்டில் கணிப்பை 6.2 ஆக உயர்த்தினார்கள். ஜூலை மாதத்துக்கு வந்த எண்ணோ 7.44! தப்பியது ஏன் என்று உட்கார்ந்து பிரித்துப் பார்ப்பவர்தான் பேரியல் பொருளாதாரக் கணிப்பாளர், அதாவது நாடு முழுவதன் பொருளாதாரத்தைக் கணிப்பவர்.

உங்கள் ஊருக்கு அருகிலேயே அரசுக் கல்லூரியில் கணிதமோ பொருளியலோ மூன்று வருடம் படிக்கட்டும். பொருளியல் என்றால் கணிதத்தை விடக்கூடாது. அடுத்தது யாரும் சொல்லாத இடம்: இந்தியப் புள்ளியியல் நிறுவனம். கொல்கத்தாவிலும் டெல்லியிலும் அளவுசார் பொருளியலில், அதாவது கணிதமும் புள்ளியியலும் கொண்டு செய்யும் பொருளியலில், இரண்டு வருட முதுநிலை. நுழைவுத் தேர்வில் ஒரு தாள் முழுக்கக் கணிதம், இன்னொன்று பொருளியல். நன்கொடை என்ற பேச்சே கிடையாது. படிக்கும்போது மாத உதவித்தொகையும் தருகிறார்கள். அங்கே தேதி வாரியாக வரும் எண்களைக் (காலவரிசைத் தரவு) கணக்குச் சூத்திரமாக்கி அடுத்ததைக் கணிக்கக் கற்பாள், அதாவது இந்த நோட்டின் பெரிய வடிவத்தை. முடித்ததும் ரிசர்வ் வங்கியின் பொருளாதார ஆய்வுத் துறைக்கான கிரேடு பி அதிகாரி தேர்வு எழுதலாம். மத்தியப் பணியாளர் தேர்வாணையம் (யு.பி.எஸ்.சி.) நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வும் இருக்கிறது.

இடங்கள் குறைவு, மறைக்கமாட்டேன். கிடைக்காவிட்டால் வங்கிகளிலும், கடனைத் திருப்பிக் கட்டும் தகுதியை அளக்கும் தரமதிப்பீட்டு நிறுவனங்களிலும் பொருளியலாளர் வேலை உண்டு. சம்பாத்தியம் தொடங்க ஐந்தாறு வருடம் ஆகும், அதுவரை “பி.ஏ.வா?” என்று உதட்டைப் பிதுக்கும் உறவினர்களுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும், அவள் அல்ல.

திங்கட்கிழமை அவளை மட்டும் அனுப்புங்கள், நோட்டோடு. தோட்டப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.